மூன்று பச்சை விளக்குகள்: சிங்கப்பூர் நீரிணையில் கப்பல்கள் எப்படி மோதாமல் போகின்றன?

இரவில் சிங்கப்பூர் நீரிணையைக் குறுக்காகக் கடக்கும் கப்பல், வழக்கமான விளக்குகளோடு மூன்று பச்சை விளக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு அதன் பொருள்: நான் உங்கள் தடத்தோடு வரவில்லை, குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதற்குமான கடல் விதிப்புத்தகத்தில் குறுக்கே போவதற்கென்று இப்படி ஓர் அடையாளம் கிடையாது. 2011-ல் இந்த நீரிணைக்காக மட்டும் கொண்டுவந்தார்கள். அதையும் பரிந்துரையாகத்தான் கொண்டுவந்தார்கள். கட்டாயம் இல்லை.

இவ்வளவு நெரிசலான கடல்வழியில், மோதினால் கச்சா எண்ணெய் நேராகக் கரைக்கு வரும் என்று தெரிந்த இடத்தில், எதற்கு இந்தக் கெஞ்சல் தொனி? கட்டாயம் ஆக்கிவிட வேண்டியதுதானே? அப்படி ஆக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. நீரிணைகளின் விதிகள் எல்லாமே அந்தக் காரணத்தைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கின்றன.

முதலில் இடம். நம் பத்திரிகைகள் மலாக்கா ஜலசந்தி என்றும் சிங்கப்பூர், மலேசியத் தமிழ் ஏடுகள் மலாக்கா நீரிணை என்றும் எழுதுவது சுமார் 800 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு புனல். அந்தமான் கடல் பக்கம் வாய் அகன்று, தென்கிழக்கே போகப் போகக் குறுகி, சிங்கப்பூர் நீரிணையில் முடியும். ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025 வாக்கில் போன கடாரம், அதாவது இன்றைய கெடா, இந்தப் புனலின் அகன்ற வாயருகேதான் இருக்கிறது. இன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ஜப்பானுக்கோ சீனாவுக்கோ போகும் சரக்குப் பெட்டிகளுக்கும் இதுதான் வழி. பல பெட்டிகள் சிங்கப்பூரிலோ மலேசியாவின் போர்ட் கிள்ளானிலோ இறங்கி வேறு கப்பல் ஏறும். ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடந்துபோகின்றன. ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல். இந்த வழியில் மிகக் குறுகலான இடம் சிங்கப்பூருக்குத் தெற்கே இருக்கும் பிலிப் கால்வாய். கால்வாய் என்பது பெயர்தான், யாரும் வெட்டியதில்லை. அங்கே அகலம் சுமார் 2.8 கிலோமீட்டர்.

2.8 கிலோமீட்டர் தாராளமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். கப்பலுக்கு பிரேக் கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் போகும் கப்பலின் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டினால், தன் நீளத்தைப் போல 15 மடங்கு தூரத்துக்குள் அது நிற்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். மிகப் பெரிய கப்பல்களுக்கு 20 மடங்கு வரை சலுகை உண்டு. 330 மீட்டர் நீள எண்ணெய் டேங்கர் ஒன்றுக்கு 15 மடங்கு என்றாலே கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். கால்வாயின் அகலத்தைவிட நிற்க ஆகும் தூரம் அதிகம்.

அதனால் முதல் வேலை, எதிரெதிரே வருபவர்களைப் பிரிப்பது. சாலையில் நடுவே கோடு போடுவது போல, கடல் வரைபடத்தில் இரண்டு தடங்களும் நடுவே ஒரு பிரிப்பு மண்டலமும் வரைகிறார்கள். கப்பல்காரர்கள் சுருக்கமாக டிஎஸ்எஸ் என்பார்கள். கடலில் எல்லோரும் வலப்பக்கம் போக வேண்டும் என்பதால் இங்கே மேற்கு நோக்கிப் போகும் தடம் சிங்கப்பூர் பக்கமும், கிழக்கு நோக்கிப் போகும் தடம் இந்தோனேசியத் தீவுகள் பக்கமும் இருக்கின்றன.

இந்த யோசனை பிறந்தது இங்கே இல்லை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள டோவர் நீரிணையில் 1967-ல் தொடங்கியது. அப்போது அது வெறும் ஆலோசனை, விரும்பினால் பின்பற்றலாம். 1971 ஜனவரி 11 அன்று அங்கே டெக்சாகோ கரீபியன் என்ற டேங்கர் மீது பெரு நாட்டுச் சரக்குக் கப்பல் பராகாஸ் மோதியது. பராகாஸ் வந்துகொண்டிருந்தது தவறான தடத்தில். டேங்கர் வெடித்து மூழ்கியது. மறுநாள் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மானியக் கப்பல் மூழ்கிக் கிடந்த டேங்கர் மீது ஏறித் தானும் மூழ்கியது. எச்சரிக்கைக்கு விளக்குக் கப்பலும் மிதவைகளும் நிறுத்தினார்கள். அவற்றையும் தாண்டி, அடுத்த மாதம் நிக்கி என்ற கிரேக்கக் கப்பல் அதே சிதைவில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். ஒரே இடத்தில் மூன்று. அதற்குப் பிறகுதான் தடங்களைக் கட்டாயம் ஆக்குவதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. 1972-ல் எழுதி 1977-ல் நடைமுறைக்கு வந்த மோதல் தடுப்பு விதிகளில் ('கோல்ரெக்ஸ்' என்று மாலுமிகள் மனப்பாடம் செய்வது இதைத்தான்) பத்தாவது விதியாக அது உட்கார்ந்தது.

அந்தப் பத்தாவது விதியை மேலோட்டமாகப் படித்தால் சுலபமாக இருக்கும். தடத்தில் அதற்குரிய திசையில் போ. பிரிப்பு மண்டலத்துக்குள் நுழையாதே. குறுக்கே போக வேண்டுமானால் முடிந்தவரை செங்குத்தாகக் கட. சாய்வாகப் போனால் தடத்துக்குள் இருக்கும் நேரம் கூடும். நீ குறுக்கே போகிறாயா, தடத்தில் சேரப் போகிறாயா என்பதும் மற்றவர்களுக்குப் புரியாது.

சரி, அப்படியானால் தடத்தில் போகும் கப்பலுக்குத்தான் முன்னுரிமை, குறுக்கே வருபவர் காத்திருக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? இல்லை. புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். விதியின் தொடக்கத்திலேயே ஒரு வாக்கியம் இருக்கிறது: தடத்தில் போவதால் மற்ற விதிகளிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. மற்ற விதிகளில் ஒன்று, இரண்டு கப்பல்கள் குறுக்கிடும்போது எவருக்கு மற்றவர் வலப்பக்கத்தில் தெரிகிறாரோ அவர்தான் விலக வேண்டும் என்கிறது. இரவில் இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. வலப்பக்கமிருந்து குறுக்கே வருபவரின் சிவப்பு உங்களுக்குத் தெரியும். சிவப்பைப் பார்த்தால் விலகுவது நீங்கள்.

இதைப் பிலிப் கால்வாயில் வைத்துப் பாருங்கள். மேற்குத் தடத்தில் 400 மீட்டர் கன்டெய்னர் கப்பல் போகிறது. சிங்கப்பூர் பக்கமிருந்து பாத்தாம் தீவுக்குப் போகும் பெரிய படகு ஒன்று வலப்பக்கமாகக் குறுக்கே வருகிறது. நீளம் 20 மீட்டருக்கு மேல் இருந்தால், விதிப்படி விலக வேண்டியது கன்டெய்னர் கப்பல்தான். 20 மீட்டருக்குக் குறைந்த படகாக இருந்தால் அது பெரிய கப்பலின் பாதைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. ஆனால் அதுவும் அரைகுறைப் பாதுகாப்புதான். படகு இடைஞ்சலாக வந்தே விட்டால், பெரிய கப்பல் தன் கடமையைத் தொடர்ந்து செய்தாக வேண்டும். 'வழி என்னுடையது' என்று சொல்லி மோதலாம் என்ற பேச்சே இந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. விலகும் கடமைகள் மட்டுமே உண்டு. மூன்று பச்சை விளக்குகளும் உரிமை எதையும் தருவதில்லை. ஒரு தகவலை மட்டும் சொல்கின்றன.

சிங்கப்பூரில் குறுக்கே போகிறவர்கள் எக்கச்சக்கம். பாத்தாம் படகுகள் மட்டும் இல்லை. கப்பலுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே முதல் துறைமுகம் அது. நங்கூரம் போட்டு எரிபொருள் வாங்கிக்கொண்டு, எதிர்த் தடத்தில் சேர வேண்டிய ஒவ்வொரு கப்பலும் பக்கத்துத் தடத்தைக் கடந்தாக வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் திரும்பும் லாரி மாதிரி.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்குமே? இருக்கிறது. 1998 டிசம்பர் 1 முதல் இங்கே ஸ்ட்ரெயிட்ரெப் என்ற அறிவிப்பு முறை நடக்கிறது. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளை ஒன்பது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மலேசியாவின் கிள்ளான், ஜொகூர் நிலையங்கள் முதல் ஆறு பகுதிகளைக் கவனிக்கும். கடைசி மூன்று சிங்கப்பூருடையவை. 300 டன்னேஜுக்கு (கப்பலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) மேற்பட்ட கப்பல், 50 மீட்டருக்கு மேல் நீளமானது, ஆபத்தான சரக்கு ஏற்றியது எல்லாம் பகுதிக்குள் நுழையும்போது வானொலியில் பெயர், அழைப்புக் குறி, இருக்கும் இடம், ஆபத்தான சரக்கு உண்டா என்பதைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் பகுதிகளில் மேற்கே சேனல் 73, நடுவே 14, கிழக்கே 10. பச்சை விளக்குகளைப் போல இல்லாமல், இந்த அறிவிப்பு கட்டாயம்.

ஆனால் இதை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் போல நினைத்துவிடக் கூடாது. 'இத்தனை அடிக்கு இறங்கு' என்றால் விமானி இறங்குகிறார். இங்கே அப்படி இல்லை. சிங்கப்பூர் நிலையத்தின் அழைப்புப் பெயர் விடிஐஎஸ். நடுவில் இருக்கும் 'ஐ', இன்ஃபர்மேஷன், அதாவது தகவல். கரையிலிருந்து பேசுபவர் ரேடாரில் இரண்டு கப்பல்கள் நெருங்குவதைப் பார்த்தால், எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று சொல்வார். சொல்வதற்கு முன்னாலேயே அது தகவலா, எச்சரிக்கையா, ஆலோசனையா என்பதை ஒரு சொல்லில் குறிப்பிடுவார். 'வார்னிங்' என்று தொடங்கினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் சுக்கானை எத்தனை டிகிரி திருப்புவது என்பது கேப்டன் எடுக்கும் முடிவு. மோதினால் பொறுப்பும் அவர் தலையில்தான். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் ஒரு சின்ன மரப்படகு கரை ரேடாரில் தெரியாமல் போகலாம் என்பதால், இந்த ஏற்பாடு நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய காரணம், இந்தத் தண்ணீர் யாருடையது என்ற கேள்வி. ஒரு காலத்தில் ஒரு நாட்டுக்குக் கரையிலிருந்து 3 கடல் மைல் வரைதான் சொந்தம். நீரிணையின் நடுப்பகுதி திறந்த கடல். இந்தோனேசியா 1957-லும் மலேசியா 1969-லும் 12 மைல் என்று அறிவித்தபோது, குறுகலான இடங்களில் நடுவே பொதுக்கடல் என்று எதுவும் மிச்சமில்லாமல் போனது. 1971 நவம்பரில் இரண்டு நாடுகளும், இது சர்வதேச நீரிணையே அல்ல என்று அறிவித்தன. கப்பல்களை நம்பியே பிழைக்கும் சிங்கப்பூர், அந்த நிலைப்பாட்டை 'கவனத்தில் கொள்கிறோம்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துகொண்டது. ராஜதந்திரத்தில் 'எங்களுக்கு உடன்பாடில்லை' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. கடற்படை வைத்திருந்த அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும், வளைகுடா எண்ணெயை நம்பியிருந்த ஜப்பானுக்கும் இது வயிற்றில் புளியைக் கரைத்தது.

அந்த இழுபறி 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் ஒரு பேரமாக முடிந்தது. நாடுகளுக்கு 12 மைல் கிடைத்தது. பதிலுக்கு, சர்வதேசப் போக்குவரத்துக்குப் பயன்படும் நீரிணைகளில் எல்லாக் கப்பல்களுக்கும் தடையில்லாமல் கடந்துபோகும் உரிமை கிடைத்தது. கரையோர நாடு அதைத் தடுக்கக் கூடாது, தற்காலிகமாகக்கூட நிறுத்தி வைக்கக் கூடாது. தடங்கள் வரைய வேண்டுமா? வரையலாம். ஆனால் முன்மொழிவை லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கொண்டுபோய், அங்கே ஏற்றுக்கொண்ட பிறகுதான் அமலாக்க முடியும். தன் வீட்டு வாசலில் வேகத்தடை போட ஊர்க்கூட்டம் கூட்ட வேண்டிய நிலைமை. தொடக்கத்தில் சொன்ன பச்சை விளக்குகளும் அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்தவைதான். அங்கே 'கட்டாயம்' என்ற சொல்லைவிட 'பரிந்துரை' என்ற சொல் சீக்கிரம் நகரும்.

ஆனாலும் கரையோர நாடுகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1975 ஜனவரி 6 அன்று, வளைகுடாவிலிருந்து ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த ஷோவா மாரு என்ற ராட்சத டேங்கர் சிங்கப்பூர் நீரிணையில் பாறைமேல் தட்டி நின்றது. ஏழாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. சண்டை போட்டுக்கொண்டிருந்த மூன்று நாடுகளையும் அந்த எண்ணெய் ஒரே மேஜையில் உட்கார வைத்தது. 1977-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் இருந்த முக்கியமான எண் 3.5. கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல் தரைக்கும் இடையே எப்போதும் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். அந்த ஆண்டே லண்டனிலும் ஏற்பாகி, 1981-ல் நடைமுறைக்கு வந்தது.

இந்த 3.5-ஐ ஒரு கேப்டன் எப்படிக் கணக்குப் போடுவார்? உதாரணத்துக்கு, கப்பல் தண்ணீரில் 19.5 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனால், அடியில் ஓடும் தண்ணீரின் அழுத்தம் குறைந்து கப்பல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். இதை ஸ்க்வாட் என்பார்கள். அதற்கு ஒரு மீட்டர். அப்புறம் 3.5. ஆக 24 மீட்டர் வேண்டும். வரைபடம் அந்த இடத்தில் 22.5 என்று காட்டினால், ஒன்றரை மீட்டர் ஓதம் ஏறும் நேரம் பார்த்துத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். முன்னால் வந்தால் காத்திருக்க வேண்டும். தாமதமானால் தண்ணீர் வடிந்துவிடும். மலாக்காவில் அடித்தரை மணல், அலையலையாக நகரக்கூடியது என்பது கூடுதல் தலைவலி. ஸ்க்வாட் வேகத்தோடு கூடும் என்பதால், ஆழமாக அமிழும் கப்பல்கள் ஆபத்தான இடங்களில் மணிக்கு 12 கடல் மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. கப்பல் கட்டுபவர்கள்கூட இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். சுமார் 20.5 மீட்டருக்கு மேல் அமிழாத கப்பலுக்கு 'மலாக்காமேக்ஸ்' என்று ஒரு பெயரே உண்டு.

செலவு யாருடையது? சூயஸும் பனாமாவும் மனிதர் வெட்டிய கால்வாய்கள், சுங்கம் வசூலிக்கின்றன. நீரிணை இயற்கை தந்தது. கடந்துபோவதற்குக் காசு கேட்க முடியாது. ஆனால் மிதவைகள், கலங்கரை விளக்கங்கள், ஆழம் அளக்கும் பணி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். 1960-களின் கடைசியிலிருந்தே ஜப்பான் நிறையக் கொடுத்து வந்திருக்கிறது. அதன் எண்ணெய் இந்த வழியில்தான் வருகிறது. 2007-ல் ஒரு பொது நிதி ஏற்படுத்தி, பயன்படுத்தும் நாடுகளும் தொழில்துறையும் விருப்பப்பட்டுத் தரலாம் என்றார்கள். உண்டியல்தான், வேறென்ன.

வழிகாட்டும் பைலட்டை ஏற்றியே ஆக வேண்டும் என்று சொல்லவும் முடியாது. ஆஸ்திரேலியா 2006-ல் தன் வடக்கே உள்ள டோரஸ் நீரிணையில் அப்படிக் கட்டாயம் ஆக்கியபோது, அமெரிக்காவோடு சேர்ந்து உரக்க எதிர்த்த நாடு சிங்கப்பூர். தன் வாசலில் நெரிசலைச் சமாளிக்கும் நாடே இன்னொருவர் வாசலில் கட்டுப்பாட்டை எதிர்ப்பது முரண்பாடாகத் தெரியலாம். அங்கே ஒரு நாடு தன்னிச்சையாகக் கட்டாயம் ஆக்கலாம் என்றானால், நாளை சிங்கப்பூருக்கு வரும் வழியில் எவரும் அதையே செய்யலாம். அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

தடம், அறிவிப்பு, ரேடார் எல்லாம் இருந்தும் விபத்து எப்படி நடக்கிறது என்பதற்கு 2017 ஆகஸ்ட் 21 அதிகாலை நடந்ததைப் பார்க்கலாம். அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. தடம் சரி, திசை சரி. அருகே அதே திசையில் அல்னிக் எம்சி என்ற டேங்கர். சுக்கான் பிடித்திருந்தவரின் பளுவைக் குறைக்க, வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாற்றச் சொன்னார் கேப்டன். தொடுதிரையில் மாற்றும்போது சுக்கானும் சேர்ந்து பக்கத்துக்குப் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. சுக்கான் பிடித்திருந்தவர் சக்கரத்தைத் திருப்பினார், கப்பல் கேட்கவில்லை. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் அது பக்கத்துப் பலகையில் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. சில நிமிடங்களில் கப்பல் இடப்பக்கம் திரும்பி டேங்கரின் முன்னால் போய் நின்றது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். விசாரணையில் பயிற்சிக் குறைவும் மேற்பார்வைக் குறைவும்தான் முதலில் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக்குத் தொடுதிரையை விட்டுப் பழைய கைப்பிடிகளுக்கே திரும்ப அமெரிக்கக் கடற்படை பிறகு முடிவு செய்தது. போர்க்கப்பல்களுக்கு ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம் இல்லை. நெரிசலான இடங்களிலாவது அதை இயக்குங்கள் என்ற உத்தரவும் அந்த ஆண்டுதான் வந்தது.

ஏஐஎஸ் கட்டாயம் இல்லாத இன்னொரு கூட்டமும் உண்டு: மீன்பிடிப் படகுகள். அந்த விதி முக்கியமாகச் சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு. தடத்தில் போகும் கப்பலுக்கு மீன்பிடிப் படகு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று பத்தாவது விதி சொல்கிறது. ஆனால் மீன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வலை. 2018 ஆகஸ்டில் குமரி மாவட்ட மீனவர்கள் போன படகு ஒன்று கேரளக் கடலில் கப்பல் மோதி நொறுங்கியது. அது நீரிணைகூட இல்லை, திறந்த கடல். நீரிணையில் படகுக்கு விலகிப்போக இடமும் குறைவு.

ஐந்தாவது விதி, எல்லா நேரமும் 'கண்ணாலும் காதாலும்' கவனிக்க வேண்டும் என்கிறது. கருவிகளெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆகவே எவ்வளவு திரைகள் இருந்தாலும், மேல்தளத்தில் ஒருவர் தொலைநோக்கியோடு இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். படகில் இருப்பவரிடம் பெரும்பாலும் ஒரு மங்கலான விளக்கு, ஒரு டார்ச். பெரிய கப்பல் நெருங்குவது தெரிந்ததும் டார்ச்சை அதன் பக்கம் ஆட்டிக் காட்டுவார். மேலே நிற்பவர் அதைப் பார்த்து உள்ளே குரல் கொடுப்பார். அந்த டார்ச் வெளிச்சத்துக்கும் விதிப்புத்தகத்தில் இடம் இருக்கிறது, 36-வது விதி: கவனத்தை ஈர்க்க வேண்டுமானால், வேறெந்த அடையாளத்தோடும் குழம்பாத வெளிச்சத்தை எந்தப் படகும் காட்டலாம்.